கூடம் எந்த ஊரில்?

நாலைந்து சிற்றூர்கள் ஒன்றுசேர்ந்து குப்பையைக் கையாள்வது நல்லதுதானே என்று கேட்டால் எல்லாத் தலைவர்களும் தலையாட்டுவார்கள். சரி, குப்பையைச் சேர்த்துப் பிரிக்கும் பொதுக்கூடத்தை எந்த ஊரில் கட்டலாம் என்று அடுத்த கேள்வியைப் போட்டால் ஆளுக்கொரு வேலை வந்துவிடும், கூட்டம் கலைந்துவிடும். கூட்டாகச் செய்வதன் பெருமையை எவரும் பேசலாம். அதன் அறம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் சோதிக்கப்படுகிறது.

சட்டம் ஊர்கள் சேர்வதை ஊக்குவிக்கவே செய்கிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 50 கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள நகரங்களும் பேரூர்களும் செலவைப் பகிர்ந்துகொண்டு பொதுவான குப்பை நிலம் அமைக்க மாநில அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்றன. தூய்மை இந்தியா இயக்கத்தின் ஊரகப் பிரிவு தன் இரண்டாம் கட்டத்தில் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகு என்று திட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் 16 லட்சம் ரூபாய் வரை தரலாம் என்றது. செலவை எப்படிப் பங்கிடுவது என்பதற்குக் கணக்கு உண்டு. நாற்றத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்குக் கணக்கு கிடையாது.

சேரத்தான் வேண்டுமா என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு பேரூராட்சியின் வளம் மீட்புப் பூங்காவுக்குள் முற்பகலில் போய் நின்றால் விஷயம் விளங்கும். பேட்டரி வண்டிகள் கொட்டிவிட்டுப் போன குவியலைச் சுற்றி நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருப்பார்கள். பால் கவர் ஒரு சாக்கில், தண்ணீர் பாட்டில் ஒரு சாக்கில், அட்டைப்பெட்டி ஒரு மூலையில், கண்ணாடி வேறு மூலையில். பால் கவரைக் கழுவிக் காயவைத்தால்தான் விலை. அப்படியே விட்டால் மறுநாளே புளித்து ஈ மொய்க்கும். தண்ணீர் பாட்டிலில் பெரும்பங்கு காற்று. நசுக்காமல் ஏற்றினால் லாரி நிறைந்துவிடும், எடை ஏறாது, விற்ற காசு வாடகைக்கே பத்தாது. அதனால் அழுத்திக் கட்டுப்போடும் இயந்திரம் வேண்டும். பத்தாயிரம் பேர் இருக்கும் ஊரில் அந்த இயந்திரம் வாரத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும். வாங்குகிறவரோ ஒரு லோடு சேர்ந்தால்தான் வண்டி அனுப்புவார். லோடு சேர்வதற்குள் மழை வந்து அட்டை நனைந்திருக்கும். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பாக்கெட் போல எவரும் வாங்காத பிளாஸ்டிக்கை அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். அதில் பேரூராட்சிக்கு வருமானம் என்று பெரிதாக எதுவும் இல்லை, வண்டிச் செலவுதான் மிச்சம்.

ஆக, மக்காத குப்பையைப் பொறுத்தவரை தனி ஊராக நிற்பது தன்மானம் ஆகாது. விற்க முடியாத சாக்குகள் மலையாகச் சேரும், ஒருநாள் ராத்திரி யாரோ தீ வைத்துவிட்டார்கள் என்று பேச்சு வரும், புகை ஊர் எல்லை பார்த்து நிற்காது. பக்கத்து ஊரோடு சேர்ந்து ஒரு லோடு ஆக்குவது இங்கே கடமை. இதை அரசாங்கத்துக்கு வெகுகாலம் முன்பே கண்டுகொண்டவர்கள் பழைய இரும்புக் கடைக்காரர்கள். நாலு ஊர்ச் சரக்கு ஒரு சந்தை ஊருக்கு, அங்கிருந்து லாரியில் பெரிய வியாபாரிக்கு என்று அவர்கள் போட்டு வைத்திருக்கும் வலைப்பின்னலுக்கு எந்த மானியமும் கிடைத்ததில்லை. திட்ட அறிக்கைகளில் அவர்கள் பெயர் வருவதும் அபூர்வம்.

மக்கும் குப்பையின் கதை வேறு. நம் ஊர்க் குப்பையில் ஏறக்குறையப் பாதி அதுதான்: காய்கறித் தோல், மீந்த சோறு, வாழையிலை, பூச்சரம், சந்தைக் கழிவு. இதற்கு லோடு சேரக் காத்திருக்க வேண்டியதில்லை. தொட்டி, சாணிக் கரைசல், காய்ந்த இலை, புரட்டிப்போட ஓர் ஆள் இருந்தால் அந்தந்த ஊரிலேயே சில வாரங்களில் எருவாகிவிடும். தார்ப்பாய் போட்ட லாரியில் 30 கிலோமீட்டர் கொண்டுபோவதில் எந்தச் சிக்கனமும் இல்லை. வழியெல்லாம் சாறு ஒழுகுவதுதான் மிச்சம். அந்த லாரியில் ஓர் ஊர் ஏற்றி அனுப்புவது தன் அருவருப்பை. பொது நிலத்தின் வயிற்றெரிச்சல் பெரும்பாலும் இந்த ஈரக் குப்பையால் வருவது. நாற்றம், நாய், ஈ, கறுத்த கிணற்றுத் தண்ணீர் எல்லாம் அழுகுவதிலிருந்து பிறக்கின்றன.

அந்த லாரி எங்கே போய் நிற்கும்? எங்கே புறம்போக்கு இருக்கிறதோ அங்கே. எங்கே ஓட்டு குறைவோ, எங்கே எதிர்த்துப் பேச வழக்கறிஞரோ பத்திரிகைக்காரரோ இல்லையோ அங்கே. ஒதுக்குப்புறம் என்று கோப்பில் எழுதப்படும் இடத்தில் யாரோ ஆடு மேய்க்கிறார்கள், யாரோ குடியிருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் எந்தச் சாதிக்காரர்கள் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. பெரும்பான்மையின் நன்மைக்காக ஒரு சிறுபகுதி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்ற வாதம் கணக்காகப் பார்த்தால் சரிபோலத் தெரியும். பொறுத்துக்கொள்கிற பகுதி ஒவ்வொரு முறையும் அதே பகுதியாக இருப்பதைக் கண்டால் அது கணக்கல்ல என்று தெரிந்துவிடும்.

கேரளத்து விளப்பில்சாலையில் நடந்தது இதற்குச் சரியான பாடம். திருவனந்தபுரம் மாநகரின் குப்பைக்காக 2000இல் அந்தக் கிராமத்தில் ஓர் உர ஆலை தொடங்கப்பட்டது. மாநகரம் அனுப்பிக்கொண்டே இருந்தது, ஆலையால் தாங்க முடியவில்லை, ஓடைத் தண்ணீர் கெட்டது. 2011 டிசம்பரில் ஊராட்சியே ஆலையைப் பூட்டிவிட்டது. மறு ஆண்டு போலீஸ் பாதுகாப்போடு திறக்க முயன்றபோதும் மக்கள் சாலையை மறித்து நின்றார்கள். பல லட்சம் பேர் வாழும் தலைநகரம் குப்பையில் தத்தளிக்கும்போது ஒரு கிராமம் இப்படிப் பிடிவாதம் செய்யலாமா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. நகரத்துத் தெருக்களில் குப்பை எரிந்ததும் உண்மை. பிறகு என்ன நடந்தது? வீட்டுக்கு வீடு உரக்குழாய், சமையலறைத் தொட்டி, தெருமுனையில் தும்பூர்முழி முறைக் காற்றோட்டத் தொட்டிகள் என்று நகரம் தன் ஈரக் குப்பையைத் தன் எல்லைக்குள்ளேயே கையாளப் பழகிக்கொண்டது. அதுவரை முடியாது என்று சொல்லப்பட்டது, வேறு வழியில்லை என்றானதும் முடிந்தது. விளப்பில்சாலை போட்ட பூட்டு நியாயமானது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இதை வைத்து மறுக்கிற ஊர் எல்லாம் நியாயமானது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. தன் குப்பையை ஆற்றங்கரையில் தள்ளிக்கொண்டே, பொதுக்கூடம் எங்கள் எல்லைக்குள் வரக் கூடாது என்று கொடி பிடிக்கும் ஊர்கள் ஏராளம். மறுக்கும் உரிமை தன் மக்கும் குப்பையைத் தானே தீர்த்துக்கொள்கிற ஊருக்குத்தான் முழுமையாக உண்டு. மற்ற ஊர்களின் மறுப்பு வெறும் சௌகரியம்.

நம் சங்கிலித் தொடர் ஏரிகளில் இந்த நியாயம் பழையது. மேல் ஏரியின் கலிங்கு வழிந்தால் கீழ் ஏரி நிறையும். மேலூர்க்காரன் வரத்துக் கால்வாயை அடைத்தாலோ கழிவைக் கலந்தாலோ கீழூர்க்காரன் கேட்கலாம், கேட்டும் வந்திருக்கிறான். எல்லைக்கு அப்பால் போகிற பொருள் எந்த நிலையில் போகிறது என்பதற்கு அனுப்புகிறவர் பொறுப்பு. குப்பை வண்டிக்கும் அந்தப் பொறுப்பு பொருந்தும்.

அந்தப் பொறுப்பை ஏற்று நடந்த ஊர் ஒன்று உண்டு. ஜப்பானின் தெற்குப் பகுதியில் ககோஷிமா மாவட்டத்தில் ஓசாகி என்று ஒரு சிற்றூர், ஏறத்தாழ 12,000 பேர், விவசாயமே பிழைப்பு. அண்டை ஊர்களோடு சேர்ந்து ஒரே குப்பை நிலத்தைப் பயன்படுத்திவந்தது. 1990இல் தொடங்கிய அந்த நிலம் 2004 வரை தாங்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதுவரைகூடத் தாங்காது என்பது தொண்ணூறுகளின் பிற்பகுதியிலேயே தெரிந்துவிட்டது. எரியுலை கட்டலாம், புது நிலம் தேடலாம், இருக்கிற நிலத்தின் ஆயுளை நீட்டலாம். எரியுலை கட்டும் செலவும் நடத்தும் செலவும் பிள்ளைகள் தலையில் விழும் என்று அதை விட்டார்கள். புது நிலம் என்றால் இன்னொரு கிராமம் அழ வேண்டும். மூன்றாவதைத் தேர்ந்தார்கள். 1998இல் டின், பாட்டில் என்று தொடங்கிய பிரிப்பு 27 வகை வரை வளர்ந்தது. சமையலறைக் கழிவைத் தோட்டத்து இலைதழையோடு கலந்து எருவாக்கினார்கள். இதற்காகப் பேரூராட்சி ஊழியர்கள் குடியிருப்பு குடியிருப்பாக நடத்திய விளக்கக் கூட்டங்கள் நூற்றுக்கணக்கில். இன்று ஓசாகி தன் குப்பையில் 80 சதவீதத்துக்கு மேல் மறுசுழற்சிக்கு அனுப்புகிறது. ஜப்பான் முழுமைக்கும் எடுத்தால் அது 20 சதவீதம் அளவில்தான் இருக்கிறது. 2004இல் மூடவேண்டிய நிலம் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது.

ஜப்பானியர்கள் ஒழுங்கானவர்கள், நமக்கு வராது என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அங்கே பிரிக்க வைத்தது ஒழுங்கைவிட நிலத்தின் பொதுத்தன்மை. பல ஊர்கள் ஒரே பள்ளத்தை நிரப்பும்போது ஒருவர் அலட்சியமாகப் போடும் கலப்புக் குப்பை அடுத்தவரின் இடத்தைத் தின்கிறது. பொதுக்கூடத்திலும் அப்படித்தான். ஓர் ஊர்ப் பெண்கள் கழுவிக் காயவைத்து அனுப்பிய அட்டையின்மேல் இன்னோர் ஊரின் சாம்பார் ஊறிய மூட்டை விழுந்தால் இரண்டுக்கும் விலை கிடையாது. வீட்டு வாசலில் இரண்டு கூடை வைப்பது அடுத்த ஊருக்குச் செய்யும் மரியாதை.

அப்படியானால் பிரிக்காத ஊரை என்ன செய்வது? பாவம், அவர்களிடம் ஆள் இல்லை, பணம் இல்லை, போகப் போகச் சரியாகும் என்று ஏற்றுக்கொள்வது கருணை போலத் தெரியும். அந்தக் கருணைக்கான கூலியைக் கொடுப்பவர்கள் கூடத்தில் உட்கார்ந்து அந்த மூட்டையைப் பிரிக்கிற பெண்கள். எனவே வண்டியைத் திருப்பி அனுப்புவதே நேர்மை. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டது தெரியவந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட, கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அனுப்பியவர் வாசலுக்கே குப்பை திரும்பிய அபூர்வமான நிகழ்ச்சி அது. அந்தக் கழிவு புறப்பட்டது, தன் தலைநகரத்துக்கு ஒரு கிராமம் போட்ட பூட்டைக் கண்டு திருந்திய அதே மாநிலத்திலிருந்துதான் என்பதையும் கவனிக்க வேண்டும். இந்த வழக்கில் கைதானவர்களில் தமிழ்நாட்டு ஆட்களும் இருந்தார்கள். வாங்குகிற ஊரின் சம்மதம் தரகர் வாயால் வரக் கூடாது.

கூலிக்கணக்கில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பல பேரூராட்சிகளில் பிரித்த பொருளை விற்கும் காசு தூய்மைப் பணியாளர்களுக்கே ஊக்கத்தொகையாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. சம்பளம் தாமதமாகும் மாதத்தில் அதுதான் அரிசிக்கு ஆகும். ஊர்கள் சேர்ந்து பெரிய கூடம் கட்டி ஒப்பந்தக்காரரிடம் விட்டால் முதலில் மறைவது இந்தக் காசுதான். சரக்கு கூடும், விலை கூடும், லாபம் வரும். கையுறை இல்லாமல் பிரித்த கைக்கு அதில் ஒன்றும் சேராது. சிக்கனம் வந்தது என்று காட்டப்படும் அறிக்கையில், யாருடைய பையிலிருந்து எடுத்து அந்தச் சிக்கனம் செய்யப்பட்டது என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

எவ்வளவு பிரித்தாலும் மிஞ்சுகிற ஒன்று உண்டு: டயப்பர், நாப்கின், காலாவதி மருந்து, உடைந்த பல்பு. இதை எருவாக்க முடியாது, விற்க முடியாது, ஊருக்கொரு எரியுலை வைக்கவும் கூடாது. இங்கே ஏதாவது ஓர் ஊர் மற்ற ஊர்களுக்காகச் சுமந்தே ஆகவேண்டும். அந்தச் சுமைக்குப் பணம் கொடுப்பது சரியா? ஒரு கிராமத்தின் மூச்சுக்கு விலை பேசுவது அசிங்கம் என்பார் ஒருவர். ஒன்றுமே கொடுக்காமல் சுமத்துவது அதைவிட அசிங்கம் என்பார் மற்றவர். இருவர் பேச்சிலும் சுமக்கிற ஊர் பேசவில்லை. எடைக்கு இவ்வளவு என்று அந்த ஊரே கேட்டு, கிராம சபையில் வைத்து, வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளும் உரிமையோடு வாங்கினால் அது கூலி. மற்ற ஊர்கள் கூடிப் பேசி இவ்வளவு தருகிறோம் என்று அறிவித்தால் அது வாயடைப்புப் பணம். தொகை ஒன்றாகவே இருக்கலாம். கேட்டது யார் என்பதில்தான் நியாயம் நிற்கிறது.

ஆகவே பொதுக்கூடம் என்று பேச்சு எடுக்கப்படும் ஊர்களில் கிராம சபைக்கும் பேரூராட்சி மன்றக் கூட்டத்துக்கும் போகிறவர்கள் திட்ட மதிப்பீட்டைக் கேட்பதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டும். ஒவ்வோர் ஊரும் தன் மக்கும் குப்பையைத் தன் எல்லைக்குள்ளேயே தீர்த்துவிட்டதா? கூடத்தின் சாவியும் எடை மேடைப் பதிவேடும் அது அமையும் ஊர்க்காரர்களிடம் இருக்குமா? விற்ற காசு பிரித்தவர் கைக்குப் போகுமா? கலந்து வரும் வண்டியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் எழுத்தில் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், கூடம் அமையப்போகும் ஊரின் தலைவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.