விறகும் சாம்பலும்

சபைகளில் ஒருவரைப் பற்றிக் குரலைத் தாழ்த்திச் சொல்லப்படும் வார்த்தைகளில் ஒன்று, "முன்பிருந்த அனல் அவரிடம் இப்போது இல்லை" என்பது. ஞானஸ்நானம் பெற்ற புதிதில் விடியற்கால ஜெபத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவர், பத்து வருடம் போனபின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்க்கிறார். பின்வாங்கிப் போனார் என்று தீர்ப்பெழுதிவிடுவது எளிது. மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புவது அதைவிட எளிது. ஆனால் இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உற்சாகத்தை ஒருவரிடம் கடமையாகக் கேட்க முடியுமா? பொய் சொல்லாதே என்று கட்டளையிடலாம். வேலையாளின் கூலியைப் பிடித்து வைக்காதே என்றும் கட்டளையிடலாம். உள்ளம் கொதித்துக்கொண்டே இரு என்று கட்டளையிட்டால், கீழ்ப்படிய விரும்புகிறவனும் என்ன செய்வான்? கொதிப்பதுபோல் காட்டிக்கொள்வான்.

லேவியராகமத்தின் 6ஆம் அதிகாரம் இதில் வியப்பூட்டும் அளவுக்கு நுட்பமானது. பலிபீடத்தின் நெருப்பு ஒருபோதும் அணையலாகாது என்கிறது அது. ஆனால் அதற்காக ஆசாரியனுக்கு இடப்பட்ட வேலை என்ன? காலைதோறும் விறகு போட வேண்டும். அதற்கு முன் சாம்பலை எடுக்க வேண்டும்; பிறகு உடை மாற்றிக்கொண்டு, அதைப் பாளயத்துக்கு வெளியே கொண்டுபோய்ச் சுத்தமான ஓரிடத்தில் கொட்ட வேண்டும். சாம்பல் அள்ளுவதற்கென்று ஓர் உடை! அந்த நெருப்போ, 9ஆம் அதிகாரத்தின் கூற்றுப்படி, கர்த்தருடைய சந்நிதியிலிருந்து வந்தது. எந்த ஆசாரியனும் மூட்டியதல்ல. மூட்டுவது மனிதன் கையில் இல்லை, அணையாமல் பார்த்துக்கொள்வது மட்டும் இருக்கிறது என்பதே இதிலிருந்து தேறும் பொருள். தமிழ் வேதாகமத்தில் 'உற்சாகம்' என்ற சொல் வரும் இடங்களும் இதற்குத் துணை நிற்கின்றன. பவுல் அதைக் காணிக்கை கொடுப்பதோடு சேர்க்கிறார். 51ஆம் சங்கீதம் அதைத் தன்னைத் தாங்கும் ஆவியாகத் தரும்படி கேட்கிறது. ஓரிடத்தில் கையின் தாராளம், மற்ற இடத்தில் யாசித்துப் பெறும் வரம். மெய்சிலிர்ப்பு என்ற பொருள் இரண்டிலும் இல்லை.

மெய்சிலிர்ப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டன் ஊர் ஒரு சாட்சி. சுமார் 200 குடும்பங்கள் இருந்த அந்த ஊரில் 1734ஆம் ஆண்டின் இறுதியில் பெரும் எழுப்புதல் உண்டாயிற்று. அரை ஆண்டுக்குள் 300க்கும் மேற்பட்டோர் மனந்திரும்பியதாக அங்கே போதகராயிருந்த ஜோனத்தன் எட்வர்ட்ஸ் கணக்கிட்டார். 1735 ஜூன் தொடக்கத்தில், தன் ஆத்துமாவின் நிலையை எண்ணி வெகுநாள் வாடியிருந்த அவருடைய உறவினர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். ஊரின் வேகம் அதன்பின் தணிந்தது. பதினைந்து ஆண்டு கழித்து, 1750இல், அதே சபை எட்வர்ட்ஸையே பணியிலிருந்து நீக்கியது. இந்த அனுபவத்தின் நடுவில், 1746இல், அவர் சமய உணர்வுகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். உணர்வை அவர் இகழவில்லை. மெய்யான பக்தியின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது என்றே வாதிட்டார். ஆனால் கண்ணீரின் அளவும் குரலின் உயரமும் எதையும் நிரூபிப்பதில்லை என்றார். தலையாய அடையாளமாக அவர் வைத்தது நீடித்த நடத்தையை. எழுப்புதலைக் கண்ணால் கண்டு, அது வடிவதையும் கண்ட ஒருவரின் சொல் என்பதால் இதற்கு எடை அதிகம்.

இதற்கு வலுவான மறுப்பு வேதத்திலேயே இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்குக் கிரியை இருந்தது, பிரயாசம் இருந்தது, பொறுமையும் இருந்தது. ஆனாலும் ஆதி அன்பை விட்டுவிட்டாய் என்று அது கண்டிக்கப்பட்டது. லவோதிக்கேயா வெதுவெதுப்பாக இருந்ததற்காகவே அருவருக்கப்பட்டது. அப்படியானால் விறகு அடுக்குவது மட்டும் போதாதே? போதாதுதான். ஆனால் எபேசுவுக்குச் சொல்லப்பட்ட மருந்தைப் பார்க்க வேண்டும்: நினைவுகூர், மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய். மூன்றும் செய்யக்கூடியவை, பழைய உணர்ச்சியை வரவழைத்துக்கொள் என்று அங்கே சொல்லப்படவில்லை. லவோதிக்கேயாவின் குற்றத்துக்கும் அங்கேயே விளக்கம் உண்டு: நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறையுமில்லை என்று அது சொல்லிக்கொண்டது. குளிர்ந்துபோனேனே என்று வருந்துகிறவரிடம் அந்த வசனத்தை வீசுவது ஆளை மாற்றி அடிப்பது. எபேசுவின் கண்டனம் விறகோடு சாம்பலையும் நினைவூட்டுகிறது என்று கொள்ளலாம். பழக்கம் என்பதற்காகவே தொடரும் பழக்கங்கள், யாரும் பொருள் கேட்காத சடங்குகள், பழைய எழுப்புதலின் பெருமைப் பேச்சு எல்லாம் ஒரு காலத்தில் எரிந்தவைதான். அள்ளாமல் விட்டால் அவையே காற்றை அடைக்கும்.

இன்னொரு மறுப்பு நேர்மையைப் பற்றியது. உள்ளே ஒன்றும் இல்லாதபோது ஜெபிப்பது மாய்மாலம் ஆகாதா? இல்லாத உணர்வைப் பிறருக்குக் காட்டுவதுதான் மாய்மாலம். உணர்வு இல்லாதபோதும் கொடுத்த வாக்கைக் காப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. நோயுற்ற தாயைப் பத்தாம் ஆண்டும் குளிப்பாட்டுகிற மகளிடம், இன்று அன்பு பொங்கியதா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக விழுவதில்லை. அன்னை தெரசா ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் நூலாக வந்தபோது, ஏறத்தாழ 50 ஆண்டுகள் அவர் உள்ளத்தில் கடவுளின் அண்மையை உணராமல் இருந்தது வெளிப்பட்டது. உலகம் கண்டதோ சிரித்த முகம். அதை ஏமாற்று என்றவர்களும் உண்டு. அந்தக் குற்றச்சாட்டை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் நியாயமல்ல. ஆயினும் அவர் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியிருந்தார்; பணியையும் நிறுத்தவில்லை. 1766இல் மெத்தடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி தம் தம்பி சார்லஸுக்கு எழுதிய கடிதமும் இத்தகையதே. தாம் கடவுளை நேசிக்கவில்லை, ஒருபோதும் நேசித்ததில்லை என்று அதில் எழுதினார். 1738 மே 24 அன்று லண்டன் கூட்டம் ஒன்றில் இருதயம் அனல்கொண்டதாகப் பதிவு செய்த அதே மனிதர்! அந்தக் கடிதத்துக்குப் பிறகும் 1791இல் இறக்கும்வரை கால் நூற்றாண்டு பிரசங்கித்தார். அவரால் அதைத் தம்பியிடம் சொல்ல முடிந்தது என்பது சிறிய விஷயமல்ல.

ஆகவே கடமையின் ஒரு பங்கு சபையின் தோளிலும் விழுகிறது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ், துறவியை உச்சிவேளையில் பிடிக்கும் சோர்வைப் பற்றி எழுதினார்: பொழுது நகர மறுக்கிறது, கண் சன்னலுக்குப் போகிறது, சகோதரரிடையே அன்பு செத்துவிட்டது என்று தோன்றுகிறது, வேறிடம் போனால் நன்றாயிருக்கும் என்கிறது மனம். அறையை விட்டு வெளியேறாதே என்பது அவர் அறிவுரை. பொதுவாக அது சரிதான். ஆனால் மேய்ப்பனே ஆட்டை நசுக்குகிற இடத்தில், அல்லது மனநோயால் ஒருவர் வாடும்போது, பொறுத்திரு என்பது கொடுமையாகிவிடும். முன்னதில் வெளியேறுவதும், பின்னதில் மருத்துவரிடம் போவதும்தான் நெருப்பைக் காக்கும் வழி. எது எந்தச் சோர்வு என்று தனியாக இருப்பவருக்குப் பிரித்தறியத் தெரியாது. குளிர்ந்துவிட்டேன் என்று வெட்கமின்றிச் சொல்ல ஓர் இடம் வேண்டும். ஒலிபெருக்கி வைத்த கூட்டம் அந்த இடமாக இருக்க முடியாது.

அப்படி ஓர் இடம் ஒருமுறை எதிர்பாராமல் உருவாயிற்று. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வெஸ்லியின் மெத்தடிஸ்டுகள் தங்கள் கூடுமிடத்தின் கடனை அடைக்க வழி தேடினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று ஏற்பாடாயிற்று. ஏறத்தாழப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று வசூலிப்பார். கொடுக்க முடியாதவரின் பங்கைத் தானே போடுவார். வீடு வீடாகப் போனபோது வசூலிப்பவருக்கு அந்த வீடுகளின் நிலை தெரியவந்தது. எந்த எழுப்புதலும் திட்டமிட்டுக் கொண்டுவராத வாரக் குழுக்கள் அங்கிருந்து பிறந்தன. காசுக்காகக் கதவைத் தட்டியவர், உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று வாரந்தோறும் கேட்கத் தொடங்கினார்.