எழுத்துக்குக் குரல் இல்லை

"கல்யாணத்துக்கு ஏன் வரலை?" குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தை போட்ட ஒரு வரி. நேரில் கேட்டிருந்தால் குரலிலேயே ஆதங்கம் தெரிந்திருக்கும். திரையில் படித்த மருமகளுக்கோ அது குற்றச்சாட்டாகப் பட்டது. பதிலுக்கு அவரும் வெடுக்கென்று ஒரு வரி தட்டிவிட, இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல்.

அமெரிக்க உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களோடு 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. மின்னஞ்சலில் தாங்கள் எழுதியது கிண்டலா, நிஜமா என்பதைப் படிப்பவர்கள் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். கண்டுபிடித்தது 56 சதவீதம்தான். பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். அதையே குரலில் சொன்னபோது 70 சதவீதத்துக்கு மேல் சரியாகப் புரிந்தது.

எழுதும்போது நம் தொனி நம் மனதுக்குள் ஒலிக்கிறது. எதிராளிக்கு அது கேட்பதில்லை. களைப்பிலோ கோபத்திலோ இருந்தால், அந்த மனநிலையிலேயே அவர் நம் வரியைப் படித்துக்கொள்கிறார்.

ஒரு வரி சுருக்கென்று தைத்தால் உடனே பதில் தட்டாதீர்கள். அதை அன்பான குரலில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் உறுத்தினால் போன் போட்டு, "என்ன நினைச்சு எழுதினீங்க?" என்று கேட்டுவிடுங்கள். பாதிச் சண்டைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.