முன்மொழிவிலேயே சொல்ல வேண்டியவை

வத்தளையிலோ அடுத்துள்ள ஹெந்தளையிலோ இயங்கும் ஒரு மரண உதவிச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். மாதச் சந்தா சேர்த்து, அங்கத்தவர் வீட்டில் இழவு விழுந்தால் செலவுக்குப் பணம் கொடுப்பார்கள். கணக்கு முழுவதும் பொருளாளர் வீட்டில் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கும். பல்கலைக்கழக மாணவர் நால்வர் கணக்காய்வுப் பாடத்தின் குழுச் செயற்றிட்டத்துக்கு இந்தச் சங்கத்தைத் தெரிவுசெய்து, முன்மொழிவும் எழுதிவிட்டார்கள். ஒப்படைக்கும் நாளுக்கு முன்பே அதை விரிவுரையாளரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது முறையா? பின்னர் அதே வேலைக்குப் புள்ளியிடப் போகிறவர் கருத்துச் சொல்வது முறையா?

முறையல்ல என்போரிடமும் நியாயம் இருக்கிறது. தொழில்முறைக் கணக்காளரின் ஒழுக்கக் கோவை, சுயாதீனத்துக்கு நேரக்கூடிய அச்சுறுத்தல்களை ஐந்தாக வகுக்கிறது. தான் செய்த வேலையைத் தானே மதிப்பிடுவது அவற்றில் ஒன்று. 2001 டிசெம்பரில் என்ரோன் நிறுவனம் வங்குரோத்தானபோது, அதன் கணக்காய்வாளரான ஆர்தர் அண்டர்சன் முந்தைய ஆண்டில் கணக்காய்வுக்கு 25 மில்லியன் டொலரும், ஆலோசனை முதலான பிற சேவைகளுக்கு 27 மில்லியன் டொலரும் பெற்றிருந்தது கண்டனத்துக்கு உள்ளானது. தான் யோசனை சொன்ன இடத்தில் குறை காண யாருக்கும் மனம் எளிதில் வராது. திருத்திக் கொடுத்த திட்டத்துக்குப் புள்ளியிடும் ஆசிரியரும் இதற்கு விலக்கில்லை. அத்துடன், துணிந்து போய்க் கேட்கிற குழுவுக்கு வழிகாட்டல் கிடைக்கும். ஆங்கிலத்தில் பேசத் தயங்கி ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

ஆனால் இந்த வாதம் ஆசிரியரையும் மாணவரையும் மட்டுமே பார்க்கிறது. சங்கத்து அங்கத்தவரை மறந்துவிடுகிறது. எந்த வீட்டில் எத்தனை மாதச் சந்தா பாக்கி, யாருடைய சாவுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கிறது. முன்மொழிவில், பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் பகிர்வோம் என்று ஒரு வரி இருக்கலாம். குழுவில் ஒரு மாணவியின் பெரியப்பாவே பொருளாளராகவும் இருக்கலாம். முதலாவது கவனக்குறைவால் ஓர் ஏழைக் குடும்பத்தின் இல்லாமை ஊருக்குத் தெரியவரும். இரண்டாவதால் அறிக்கை எவ்வளவு நன்றாக வந்தாலும் அதை யாரும் நம்பமாட்டார்கள். கடைசியில் புள்ளியைக் குறைத்தால் மாணவருக்குப் பாடம் கிடைக்கும். படம் பரவிய பிறகு அங்கத்தவருக்கு என்ன பரிகாரம்? பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவது, படுகிறவரும் கற்கிறவரும் ஒருவராக இருக்கும்போது மட்டுமே நியாயமாகும்.

தொழிலிலும் இளையவர்களை அப்படி விடுவதில்லை. கணக்காய்வைத் திட்டமிடுவது பற்றிய இலங்கைக் கணக்காய்வு நியமம் 300, பொறுப்பான பங்காளர் திட்டமிடும் கட்டத்திலேயே பங்கேற்க வேண்டும் என்கிறது. திட்டத்தை நிறுவன முகாமையுடன் பேசும்போது, எதை எப்படிச் சோதிக்கப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்து கணக்காய்வு பயனற்றுப் போகாமல் கவனிக்கச் சொல்வதும் அதே நியமம்தான். பேச வேண்டும், பேச்சுக்கு எல்லையும் வேண்டும் என்பதே இதன் சாரம்.

ஆசிரியரின் எல்லையை இப்படி வகுக்கலாம். பிறருக்குத் தீங்கு வரக்கூடிய இடத்தில் அவர் வெளிப்படையாகக் கட்டளையிட வேண்டும்: படமெடுக்காதே, சங்கத்தின் எழுத்துமூலச் சம்மதம் வாங்கு, பொருளாளரின் உறவை அறிவித்து வேறு அமைப்பைத் தேடு. வேலை செய்யும் முறை பற்றிய இடத்தில் கேள்வியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஐந்து வருடக் கணக்கையும் பார்ப்போம் என்று எழுதியிருந்தால், நால்வரால் ஓர் அரையாண்டில் முடியுமா என்று கேட்டால் போதும். ஒரு வருடத்தை மட்டும் எடுத்து, பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளை வங்கி வைப்புச் சீட்டுகளோடு ஒப்பிடலாம் என்ற முடிவுக்கு மாணவரே வர வேண்டும். அந்த விடையை எடுத்துக் கொடுத்தால், புள்ளி ஆசிரியரின் மூளைக்குப் போய்விடும்.

மற்ற ஆபத்துகளுக்கும் வழி உண்டு. எல்லாக் குழுக்களும் வரைவைக் காட்ட ஒரே வாரம் ஒதுக்கலாம். சொன்ன கருத்தையும், குழு அதை ஏற்ற அல்லது மறுத்த காரணத்தையும் எழுதி இறுதி அறிக்கையோடு இணைக்கலாம். இரண்டாவது ஆசிரியர் ஒருவரும் புள்ளியிடலாம். மாணவருக்கும் கடமை இருக்கிறது. மிச்சத்தை ஆசிரியர் நிரப்புவார் என்று அரைகுறை வரைவோடு போவது உழைப்பைத் திருடுவதாகும்.

ஆகவே, முன்மொழிவுக் கட்டத்தில் கருத்துச் சொல்வதைச் சலுகையாக நினைக்கக் கூடாது. தங்கள் கொப்பியை நம்பிக் கொடுக்கும் மனிதர்களுக்குப் பல்கலைக்கழகம் செலுத்த வேண்டிய கடன் அது. கணக்காய்வு கற்பிக்கும் ஒவ்வொருவரும் மாணவர் கேட்கும்வரை காத்திருக்காமல், முதல் வரைவை வாங்கிப் படித்துவிட்டே அவர்களைச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும்.