டாக்டர் எதிரில் வாயைத் திறவுங்கள்!

ஜூன் மாதத்தில் சித்தூர் மாங்காய் மண்டிக்குப் போய் நின்று பாருங்கள். தோத்தாபுரி வண்டி வந்து நிற்கும். விலை கேட்டதும் விவசாயி பொங்குவார். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் திட்டி மறுபடி தெலுங்குக்குப் போவார். கிலோவுக்கு ஐம்பது பைசாவைக்கூட விடமாட்டார். மாம்பழக் கூழ் ஃபேக்டரி மேனேஜரே வந்து நின்றாலும் அவர் குரல் இறங்காது.

அதே மனிதரை, வாந்தி எடுக்கிற நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளினிக்கில் நிற்கும்போது பாருங்கள். வாயே இல்லை. டாக்டர் என்ன ஊசி போட்டார் என்று கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனை எதற்கு என்று கேட்கவில்லை. எவ்வளவு ஆகும் என்று கேட்கவே இல்லை. பில்லை வாங்கிப் பார்த்ததும் முகம் வெளுக்கிறது. பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, டீக்கடையில் நின்றுகொண்டு, ‘கொள்ளை அடிக்கிறான்யா’ என்கிறார். உள்ளே கேட்டிருக்க வேண்டியதை வெளியே வசவாக்கி என்ன பயன்?

உங்களிடம் பணம் குறைவு என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் நாய் வைத்தியத்தில் பாதிச் சிக்கல் பணம் இல்லாததால் வருவதில்லை, கூச்சத்தால் வருகிறது. ‘கேட்டால் ஏழை என்று நினைப்பாரோ, கஞ்சன் என்று நினைப்பாரோ’ என்ற கூச்சம். இந்தக் கூச்சத்தை இன்றே உதறுங்கள். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்! நீங்கள் தூக்கிவந்த உயிருக்குப் பேச்சு வராது. அதன் வாய் நீங்கள்தான். நீங்களும் மூடிக்கொண்டால் அதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பேரம் வேறு, கேள்வி வேறு. சிகிச்சை முடிந்தபின் பில்லைப் பிடித்துக்கொண்டு ‘குறைச்சுக்குங்க சார்’ என்பது பேரம். ஐந்தரை ஆண்டு படித்துவிட்டு, எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத நோயாளியைக் கையால் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கிற மனிதரிடம் அப்படிப் பேசுவது அழகில்லை. சிகிச்சைக்கு முன்னால், ‘டாக்டர், சுமாராக எவ்வளவு ஆகும்? என்னால் இன்றைக்கு இவ்வளவுதான் முடியும், இதற்குள் முதலில் எதைச் செய்வீர்கள்?’ என்று நிமிர்ந்து சொல்வது கேள்வி. நல்ல டாக்டருக்கு இது வேலையை எளிதாக்கும். எதை இன்று செய்தே ஆகவேண்டும், எதை நாளைக்குத் தள்ளலாம் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் சொன்னால்தானே சொல்வார்! தெலுங்கு சரியாக வராது என்று சாக்குச் சொல்லாதீர்கள். ‘எந்த்த அவுதுந்தி சார்?’ மூன்று சொல் போதும். சித்தூர், நகரி, புத்தூர் பக்கம் பெரும்பாலான டாக்டர்களுக்கு உங்கள் தமிழும் புரியும்.

பரிசோதனை எழுதும்போது கேட்க வேண்டியது இன்னொன்று: ‘இந்த டெஸ்டில் என்ன வந்தால் மருந்தை மாற்றுவீர்கள்?’ பதில் தெளிவாக வந்தால் தயங்காமல் எடுங்கள், அந்தப் பணம் வீணாகாது. எப்படி வந்தாலும் அதே மருந்துதான் என்றால், அந்த டெஸ்ட் இன்றைக்கே வேண்டுமா என்று நீங்கள் பணிவாகவே கேட்கலாம். என்னைக் கேட்டால், நாய் வளர்க்கிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான்.

சரி, யாரிடம் போவது? இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1885, ஜூலை 6. பாரிஸ் நகரம். வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையன் ஜோசப் மைஸ்டரை அழைத்துக்கொண்டு அவன் தாய் வந்து நிற்கிறாள். வெறிநோய்த் தடுப்பூசியை உருவாக்கியவர் லூயி பாஸ்டர். மனிதருக்கு அதைப் போட்டு நோயிலிருந்து காப்பாற்றியதாக அதுவரை சான்று இல்லை. தோற்றால் பெயர் போகும், வழக்கு வரும். துணிந்தார். ஆனால் கவனியுங்கள், ஊசியை அவர் கையால் போடவில்லை. பாஸ்டர் வேதியியல் அறிஞர், மருத்துவர் அல்ல. கிராஞ்சே என்ற மருத்துவர்தான் போட்டார். பையன் பிழைத்தான். 1940 வரை வாழ்ந்தான்.

கண்டுபிடித்தவரே ஊசியை மருத்துவர் கையில் கொடுத்தார். பெட் ஷாப்பில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று குட்டிக்கு ஊசி போட்டுத் தருகிறேன் என்கிறாரே ஒருவர், அவர் யார்? முன்னூறு ரூபாய் மிச்சம் என்று குட்டியை நீட்டுகிறீர்களே, அந்தக் குப்பி எத்தனை நாள் மேசையில் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே இருக்க வேண்டிய பொருள். வெயிலில் கிடந்ததைப் போட்டால் ஊசி போட்ட திருப்திதான் மிஞ்சும், பாதுகாப்பு மிஞ்சாது.

இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984-இல் வந்தது. பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். பட்டம் பெற்று, கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் கால்நடை மருத்துவம் பார்க்கலாம். பதிவு எண் கேட்பது அவமரியாதை இல்லை. பெரும்பாலும் கேட்கவே வேண்டியிருக்காது, பலகையிலும் மருந்துச் சீட்டிலும் இருக்கும். கிராமங்களில் கோபாலமித்ராக்கள் இருக்கிறார்கள். மாட்டுக்குச் சினை ஊசி போடுவதில் அவர்கள் செய்கிற சேவை பெரிது, குறை சொல்லவில்லை. ஆனால் அவர் டாக்டர் இல்லை. உங்கள் நாயின் மஞ்சள் காமாலைக்கு அவரிடம் மருந்து கேட்பது அவருக்கும் அநியாயம், நாய்க்கும் அநியாயம்.

நோய் வந்தபிறகு டாக்டரைத் தேடாதீர்கள். நாய் நன்றாக இருக்கும்போதே, ஒரு சாதாரணத் தடுப்பூசிக்காகப் போய்ப் பாருங்கள். குப்பியைக் காட்டச் சொல்லுங்கள், காலாவதித் தேதியைப் படியுங்கள். அதன் ஸ்டிக்கரைக் கையேட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போடுகிறாரா? ஊசியின் பெயரை எழுதித் தருகிறாரா, அல்லது ‘ஒரு பவர் இன்ஜெக்‌ஷன்’ என்று முடித்துவிடுகிறாரா? இரவு இரண்டு மணிக்கு நாய் விஷம் தின்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்கிறாரா? குட்டியை மேசையில் வைத்து மூக்கிலிருந்து வால் வரை பார்க்கிறாரா, நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுதுகிறாரா? ஏசியும் கண்ணாடிக் கதவும் இதில் எதற்கும் பதில் சொல்லாது. மின்விசிறி மட்டும் சுற்றுகிற அறையில் தெய்வம்போல ஒரு டாக்டர் இருக்கலாம்.

‘நல்ல டாக்டர் எல்லாம் சென்னையில்தான்’ என்கிற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது, அதன் பெருமையை யாரும் மறுக்கவில்லை. சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில் அதுதான் கதி. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரா பிரிந்தது. கர்நூலில் கூடாரம் அடித்து அலுவலகம் நடத்திய மாநிலம் அது. இரண்டே ஆண்டில், 1955-இல், தனக்கென்று கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. இன்று திருப்பதியில் நிற்கிறதே, அதே கல்லூரி! 2005-இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகமே அங்கே எழுந்தது. கூடாரத்தில் இருந்துகொண்டு ஒரு மாநிலம் அவ்வளவு துணிந்தது. ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு உங்களால் ஒரு கேள்வி கேட்க முடியாதா?

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் எழுபது கிலோமீட்டர். கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனையில் மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் பார்க்கிறார்கள். நேரம் ஆகும், கூட்டம் இருக்கும், நாலு மாணவர்கள் மாறி மாறி ஒரே கேள்வியைக் கேட்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தனை கண் பார்ப்பது உங்கள் நாய்க்கு நல்லதுதான். கட்டணம் தனியாரைவிடக் குறைவு. சாதாரணக் காய்ச்சலுக்கு உள்ளூர் அரசுக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, காலையிலேயே போனால் டாக்டர் மாடு பார்க்கக் கிராமத்துக்குக் கிளம்பும்முன் பிடிக்கலாம். 1962 என்ற எண்ணில் வருகிற நடமாடும் வண்டியும் உண்டு. ஆந்திராவில் 2022-இல் தொடங்கியது. முதன்மையாக மாடு, ஆடுகளுக்கானது, ஆனாலும் எண்ணை மனப்பாடம் செய்து வையுங்கள்.

இலவசமும் இருக்கிறது. ஜூலை 6, அதாவது மைஸ்டருக்கு ஊசி போட்ட அந்த நாள்தான், உலக விலங்குவழி நோய்கள் தினம். அன்றைக்கு ஆந்திரக் கால்நடைத் துறை முகாம் நடத்தி நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறது. ஜூன் கடைசியிலேயே மருத்துவமனையில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘இலவசம்’ என்றதும் மூக்கைச் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உங்கள் வரிப்பணம். நிமிர்ந்து போய் வாங்குங்கள்!

செலவைக் குறைப்பது என்றால் எங்கே குறைப்பது என்று தெரிய வேண்டும். நம் ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். பிறந்த நாளுக்கு நாய்க்குக் கேக் வெட்டுவார்கள், சட்டை மாட்டுவார்கள், தடுப்பூசியைத் தள்ளிப்போடுவார்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து மறு ஊசி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. இவை ஒவ்வொன்றுக்கும் ஆவது நூறுகளில். போடாத குட்டிக்குப் பார்வோ வைரஸ் வந்தால் ரத்தபேதி, நாள் கணக்கில் டிரிப், செலவு ஆயிரங்களில், பிழைக்குமா என்பதும் சந்தேகம். உண்ணி விஷயமும் இப்படித்தான். ராயலசீமை வெயிலில் உண்ணி பெருகும். மாதந்தோறும் உண்ணி மருந்து கொடுத்தால் முடிந்தது. விட்டால் உண்ணிக் காய்ச்சல், ரத்தத் தட்டணுக்கள் சரியும், வாரக்கணக்கில் மாத்திரை. அப்போதும் ஒன்று கேளுங்கள்: ‘இதே மருந்து ஜெனரிக்கில் உண்டா?’ உண்ணிக் காய்ச்சலுக்கு எழுதுகிற டாக்ஸிசைக்ளின் மனிதரும் சாப்பிடுகிற மருந்துதான். டாக்டர் அளவை எழுதித் தந்தால் மக்கள் மருந்தகத்தில் விசாரிக்கலாம். கால்நடைகளுக்கென்றே மலிவு விலை மருந்து தரும் பசு ஔஷதி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் தந்தது. உங்கள் ஊருக்கு வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

ஆனால் உங்களுக்கு எழுதிய மாத்திரையை நீங்களே நாய்க்கு உடைத்துக் கொடுக்காதீர்கள். காய்ச்சலுக்கு நாம் விழுங்குகிற பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனை மேல் தடவினாலும் அதே கதிதான். திருப்பதிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: லட்டுப் பிரசாதத்தை நாய்க்கு ஊட்டாதீர்கள். அதில் உலர்திராட்சை இருக்கிறது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பக்தி உங்களோடு இருக்கட்டும், நாய்க்குத் தயிர்ச்சோறு போதும்.

இனி, வாங்கும்போதே கோட்டை விடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். மே மாதத்தில் திருப்பதியில் தார்ச் சாலை உருகுகிறது, நீங்கள் சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை வாங்கி வந்து மொட்டை மாடியில் கட்டுகிறீர்கள். இருபத்துநாலு மணி நேரமும் ஏசி போட முடியுமா? முடியாதென்றால் அது அன்பில்லை, வீம்பு. மூக்குச் சப்பையான பக் நாய்க்கு மூச்சே பிரச்சினை. தெருவில் பிறந்த நாட்டுக்குட்டியைத் தூக்கி வாருங்கள். இந்த வெயிலும் இந்தச் சோறும் அதன் பரம்பரைக்குப் பழகியவை. பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆண் பூனை சிறுநீர் போக முடியாமல் முக்கினால் அன்றைக்கே ஓடுங்கள். வயிறு உப்பிய பெரிய நாய், வெளுத்த ஈறு, விஷம் தின்ற சந்தேகம், இவற்றுக்கெல்லாம் விடியட்டும் என்று உட்காராதீர்கள். நாய் உங்களைக் கடித்தால், அது உங்கள் வீட்டு நாயாகவே இருந்தாலும், சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். திருப்பதியில் ரூயா இருக்கிறது. வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

நாய்க்கோ பூனைக்கோ அவசரம் வரும் நேரத்துக்குக் கையில் காசு வேண்டும். மாதம் ஒரு பிரியாணி விலையைத் தனியாக எடுத்து வையுங்கள், நாயின் பெயரில். சில நிறுவனங்கள் நாய்க்குக் காப்பீடும் தருகின்றன. கையெழுத்துப் போடும்முன் எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்று எழுதியிருக்கிற பக்கத்தை முதலில் படியுங்கள்.

இப்போது எழுந்து போய் உங்கள் நாயின் தடுப்பூசிக் கையேட்டை எடுத்துப் பாருங்கள். கையேடே இல்லையென்றாலோ, வெறிநோய்ப் பக்கம் காலியாக இருந்தாலோ, ஜூலை வரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலையே கிளம்புங்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்.