பாலைவன வீடும் அண்டை வீட்டாரின் ஹக்கும்

சில ஆண்டுகளுக்கு முன் உம்ராவுக்குச் சென்றிருந்தபோது, மதீனா முனவ்வராவில் ஒரு நாள் ளுஹர் தொழுதுவிட்டுக் குறுக்குச் சந்து ஒன்றின் வழியாகத் தங்குமிடம் திரும்பிக் கொண்டிருந்தோம். இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள். ஆகவே சந்தில் நிழல் இருந்தது, குளிர்ச்சிதான் இல்லை. சுவர்தோறும் பொருத்தப்பட்டிருந்த ஏர்கண்டிஷனர் பெட்டிகளின் பின்புறத்திலிருந்து அனல் காற்று தலைமேல் வந்து விழுந்தது. வெயிலில் நடந்ததே மேல் என்று தோன்றிற்று. மூலையில் ஒரு முதியவர் அட்டையை விரித்துத் தஸ்பீஹ் மணிகள் விற்றுக் கொண்டிருந்தார். ஒரு பெட்டி நேராக அவர் முகத்தை நோக்கி ஊதிக் கொண்டிருந்தது. நம் அறையிலும் அப்படியொரு பெட்டி இருக்கிறதே, பூட்டிவிட்டு வரும்போது அதை நிறுத்தினோமா என்று எண்ணிப் பார்த்தோம். நினைவுக்கு வரவில்லை.

தம் வீட்டைக் குளிர்விக்கும் ஒருவர் அதன் வெப்பத்தை அடுத்தவர்மீது தள்ளலாமா?

குளிர்ச்சியைத் தேடுவது குற்றமன்று என்பதை முதலில் கூறிவிட வேண்டும். ஸூரத்துந் நஹ்லின் 80, 81-ஆம் ஆயத்துகளில், வீட்டை அமைதி பெறும் இடமாக ஆக்கித் தந்ததை அல்லாஹுத்தஆலா நினைவூட்டுகிறான். அடுத்தாற்போல் நிழல்களையும், வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகளையும் தன் அருட்கொடைகளாக எண்ணிக் காட்டுகிறான். கடும் வெப்ப நாளில் சற்றுக் குளிரும்வரை ளுஹரைப் பிற்படுத்துமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். வெந்து சாவதுதான் தக்வா என்று பேசுவோர் உண்டு. அவர்களுக்கு இந்த ஹதீது எட்டவில்லை போலும்.

பாலைவனத்து முன்னோர் கட்டிய வீட்டைக் கவனியுங்கள். சுடாத மண்கல்லால் ஆன கனத்த சுவர். பகலில் அதன்மேல் விழும் வெப்பம் உள்ளே ஊறி வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வெளிப்புறத்தில் ஜன்னல் குறைவு. வீடு முழுவதும் நடு முற்றத்தைப் பார்த்திருக்கும். வறண்ட பாலையில் இரவு வெகுவாகக் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது. அது முற்றத்தில் இறங்கித் தங்கி, சுற்றியுள்ள அறைகளையும் குளிர்வித்து, மறுநாள் முற்பகல்வரை உதவும். கோடை இரவுகளில் குடும்பமே மொட்டை மாடியில் உறங்கும். தடுப்பில்லாத மாடியில் உறங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருப்பதால் கைப்பிடிச் சுவர் வந்தது. பெண்களின் மறைவுக்காக அது உயர்ந்தது. ஈரானின் யஸ்து நகரில் மேற்காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் கோபுரங்கள் உள்ளன. லிபியாவின் கதாமிஸில் தெருக்களையே கூரையிட்டு மூடியிருக்கிறார்கள். இந்த வீடுகளில் ஒருவருடைய சுவர் அடுத்தவருக்கு நிழல். தன் குளிர்ச்சிக்காக அயலாரைச் சுடும் வீடு அங்கே இல்லை.

இனி ஃபிக்ஹுக்கு வருவோம். உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை ஹனஃபீ மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட மஜல்லத்துல் அஹ்காமின் 1201-ஆம் பிரிவு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஒருவர் கட்டும் கட்டடம் அண்டை வீட்டின் வெளிச்சத்தை அறவே அடைத்துவிட்டால் அது கடும் தீங்கு, தடுக்கப்படும். காற்றோட்டத்தையோ வெயிலையோ மறைத்தால் அது கடும் தீங்காகாது என்கிறது அப்பிரிவு. காற்றென்ன அவ்வளவு மலிவா என்று ஓதும் காலத்தில் நமக்கும் தோன்றியதுண்டு. பிறகு புரிந்தது. அந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு வானம் பார்த்த முற்றம் இருந்தது. பக்கத்துச் சுவர் எவ்வளவு உயர்ந்தாலும் மேலிருந்து வரும் காற்றை எவராலும் முழுவதும் அடைக்க முடியாது. முற்றமே இல்லாத அடுக்குமாடியில், ஒற்றை ஜன்னலை நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்தச் சட்டத்தை அப்படியே ஓதிக் காட்டலாமா? கூடாது என்பதே நம் கருத்து. காலம் மாறச் சட்டங்கள் மாறுவதை மறுக்க முடியாது என்பதும் அதே மஜல்லாவின் 39-ஆம் பிரிவுதான்.

அனல் காற்றின் விஷயத்தில் இவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. குளியல் விடுதியின் புகையும் ரொட்டி அடுப்பின் புகையும் அண்டை வீட்டாரை வருத்தினால் தடுக்கப்பட வேண்டும் என்று மாலிக்கீ மத்ஹபின் அறிஞர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரீ எட்டாம் நூற்றாண்டில் தூனிஸில் வாழ்ந்த இப்னுர் ராமீ (ரஹ்) கட்டடத் தொழிலே தெரிந்தவர். இத்தகைய வழக்குகளுக்கென்றே ஒரு நூல் செய்தவர். புகைக்கு உள்ள சட்டம் அனலுக்கு ஏன் இருக்கக் கூடாது?

"மண் வீட்டுக்கே திரும்பிப் போகச் சொல்கிறீரா ஹஸரத்?" என்று துபாயில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வளைகுடாக் கரையில் கோடை இரவும் புழுக்கமாகவே இருக்கும்; அங்கே முற்றத்தில் குளிர் இறங்குவதில்லை. அந்நாளில் அக்கரையோரத்து மக்களில் பலர் கோடையில் பேரீச்சந் தோப்புகளைத் தேடி உள்நாட்டுக்குப் போய் விடுவார்கள். இன்று வெயிலில் சாரம் ஏறி நிற்கும் நம் பிள்ளைகளால் எங்கே போக முடியும்? ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் வெயிலில் வேலை வாங்கக் கூடாதென்று அங்கே சட்டம் இருக்கிறது. அறைக்குத் திரும்பும் அவர்களிடம் குளிர்சாதனத்தை நிறுத்து என்று கூறும் உரிமை எவருக்கும் இல்லை. கைக்குழந்தையும் நோயாளியும் உள்ள வீட்டுக்கும் அப்படியே.

எகிப்தின் ஹஸன் ஃபத்ஹீ (1900-1989) லக்ஸர் அருகே புதிய குர்னாவை 1945-ல் மண்கல்லால் கட்டத் தொடங்கினார். அழகான கிராமம். ஆனால் குடியேற வேண்டிய மக்களில் பெரும்பாலோர் வர மறுத்து விட்டனர். நல்லதேயானாலும் திணித்தால் நிற்காது.

ஆகவே இஸ்ராஃப் எங்கே இருக்கிறதென்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்து வெயிலை உள்ளே அழைத்துவிட்டு, பிறகு அதை விரட்ட இரவு பகலாக இயந்திரம் ஓட்டுகிறார்களே, இஸ்ராஃப் அங்கே இருக்கிறது. ஆளில்லாத கூடத்தைக் குளிர வைப்பதில் இருக்கிறது. ஸவூதியில் மின்சாரத்தின் பெரும்பகுதி எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்தே கிடைக்கிறது. அந்தப் புகையின் வெப்பம் நம் பேரப் பிள்ளைகளின் வாசலுக்கும் போகிறது. அவர்களும் ஒரு வகையில் அண்டை வீட்டாரே.

துபாய் உறவினர் இப்போது ஊரில் வீடு கட்ட மனை வாங்கியிருக்கிறார். வரைபடத்தை நம்மிடம் காட்டினார். அறைகள், படிக்கட்டு, தொழுகைக்கு ஒரு மூலை, எல்லாம் குறிக்கப்பட்டிருந்தன. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டோம். அவர் விரலால் ஓரிடத்தைக் காட்டினார். அதற்கு நேர் எதிரே யாருடைய ஜன்னல் என்று கேட்டதற்கு, பார்த்துவிட்டு வந்து சொல்வதாகக் கூறிப் போயிருக்கிறார்.