இறந்தோர் கடனும் இருப்போர் உயிரும்

சிறகிழந்து வீழ்ந்த ஜடாயுவுக்குச் சக்கரவர்த்தித் திருமகனார் தம் திருக்கரத்தாலேயே ஈமக்கடன் ஆற்றிய வரலாற்றைப் பன்முறை கேட்டு உருகியவர்கள் நாம். இறந்தாரைப் பேணுதல் எத்துணை உயர்ந்த கடன் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அக்கடனே உயிர் குடிப்பதாக மாறிவிடின் செய்யத்தக்கது யாது? மேற்கு ஆப்பிரிக்க மக்கள் இவ்வினாவை மெய்யாகவே எதிர்கொள்ள நேர்ந்தது.

2013-ஆம் ஆண்டின் இறுதியில் கினி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தோன்றிய எபோலா நோய், அண்டை நாடுகளான லைபீரியாவிலும் சியரா லியோனிலும் பரவிற்று. 2016-இல் அடங்குவதற்குள் 28,600-க்கும் மேற்பட்டோரைப் பற்றி, 11,300-க்கும் மேற்பட்டோரை மாய்த்தது. நோயுற்றாரின் குருதி, வாந்தி, கழிவு முதலியன பிறர்மேல் படுவதால் தொற்றும் நோய் இது. அறிகுறி தோன்றுமுன் பிறருக்குப் பரவுவதில்லை. நோய் முற்ற முற்றக் கிருமி பெருகி, உயிர் பிரியும் வேளையில் மிகுந்து, அதன் பின்னும் சில நாள் உடலில் தங்கியிருக்கும். ஆதலின் அது நாடிப் பற்றியது யாரை? வாந்தியைத் துடைத்த தாயை, மருந்தூட்டிய செவிலியை, இறந்தவரை நீராட்டிய உறவினரை. விலகி ஓடியவன் பிழைத்தான். அருகிருந்து பேணியவள் மாண்டாள். கொள்ளைநோய் பாவத்தின் தண்டனை என்று இன்றும் சிலர் கூறக் கேட்கிறோம். சியரா லியோனின் கெனிமா மருத்துவமனையில் நோயாளிகளைக் காத்துநின்ற மருத்துவர் ஷேக் உமர் கான், 2014 ஜூலை 29-இல் அந்நோயினாலேயே உயிர்நீத்தார். அவர் செய்த பாவம் யாது?

'உடலைத் தொடாதீர்' என்ற ஆணை அறிவுக்குப் பொருந்தியதே. ஆனால் அதை நிறைவேற்றிய முறையில் இரக்கம் குன்றியிருந்தது. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் 2014 ஆகஸ்டு முதல், எபோலாவால் இறந்தோரை எரிக்கும்படி அரசு ஆணையிட்டது. தகனம் நமக்கு வழிவழி வந்த முறையாதலின், இதிலென்ன கொடுமை என்று நமக்குத் தோன்றலாம். அந்நாட்டாரோ ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்து இரண்டாம் புதன்கிழமையன்று முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்து அலங்கரிப்பவர்கள். கல்லறையே இல்லாத தந்தைக்கு மகன் எங்கே போய் மலர் இடுவான்? மக்கள் நோயாளிகளை மறைத்தனர். இறந்தோரை இரகசியமாகப் புதைத்தனர். நோய் மேலும் பரவிற்று. கினியின் வோமே என்னும் ஊரில், நோயைப் பற்றி விளக்கச் சென்ற குழுவினருள் எண்மர் அவ்வாண்டு செப்டம்பரில் கொல்லப்பட்டனர். அக்கொடுஞ்செயலுக்கு நியாயம் கற்பிக்க இயலாது. ஆயினும் அதன் அடியில் கிடந்த அச்சத்தை அறியாமல் அந்நோயை வெல்லவும் இயலாது.

அறியாது தொட்டவர்மேல் குற்றமில்லை என்பதே என் கருத்து. அறிந்தபின் தொடாதிருத்தல் அவர் கடன். தொடவேண்டா என்று விலக்குவோர்க்கோ, விலக்கப்படுவதன் அருமையை உணர்ந்து மாற்று வழி காட்டுதல் கடன். இப்பின்னது சற்றுத் தாமதமாகவே நிறைவேறிற்று. 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், இஸ்லாமிய, கிறித்துவப் பெரியோரின் துணையோடு புதிய அடக்க முறையொன்றை வகுத்தது. குடும்பத்தாரின் இசைவு பெற்ற பின்னரே உடலை எடுப்பது. உறவினர் தள்ளிநின்று பிரார்த்திக்க இடமளிப்பது. கல்லறையில் பெயர் பொறிப்பது என அமைந்தது அது. இஸ்லாமியரை நீராட்டுவதற்கு ஈடாகத் தயம்மும் என்னும் நீரில்லாத் தூய்மைச் சடங்கைப் பயிற்சி பெற்றோர் செய்யலாயினர். நீர் கிடையாத வேளைக்கென அவர்கள் மரபே முன்னர் வகுத்து வைத்திருந்த வழி அது! நம் சாத்திரங்கள் ஆபத்தர்மம் எனத் தனியே ஒன்றைக் கூறுவதும் இத்தகைய வேளைக்காக அன்றோ? மன்ரோவியாவிலும் அவ்வாண்டின் இறுதியில் தகனம் கைவிடப்பட்டு, இறந்தோர்க்கென இடுகாடு அமைந்தது.

அடக்கக் குழுக்களில் சேர்ந்த இளைஞர் பலரை, நோய்க்கு அஞ்சி அண்டை வீட்டாரே ஒதுக்கினர். பெற்ற மகன் தொடலாகாத உடலை, முன்பின் அறியாத அவ்விளைஞர்கள் மகன் நிலையில் நின்று மண்ணில் இட்டனர்.