புழுதி விதைப்பு

எங்கள் வீட்டில் மாதாமாதம் ஒரு செய்தி வாய் திறக்காமலே வந்து சேரும். சாயங்காலம் சாமி விளக்கை மனைவி ஏற்றாமல் மகன் ஏற்றினால், அந்த மாதமும் இல்லை என்று அர்த்தம். அவனுக்குப் பதினைந்து வயது. தீப்பெட்டியை எடுக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டான். இரண்டு வருஷமாக இப்படித்தான் நாட்கள் போகின்றன.

2013-ல் நான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். என் முதல் மனைவிக்கு இரண்டாவது கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்து, ரத்தம் ஏற்றித்தான் ஆளை மீட்டோம். கையில் ஒரு பையன் இருக்கிறான், அது போதும். இன்னொரு கத்தி அவள் உடம்பில் படவேண்டாம் என்று நானே போய்ப் பெயர் கொடுத்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ‘இது நிரந்தரமானது’ என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஊக்கத்தொகையாகக் கிடைத்த 1,100 ரூபாயில் அவள் எனக்கு ஒரு வேட்டியும் பையனுக்கு ஒரு சட்டையும் எடுத்தாள்.

ஓட்டப்பிடாரம் பக்கம் அது பேச்சாகிவிட்டது. “பொம்பளைக்குப் பண்றத இவன் பண்ணிக்கிட்டானாமே” என்றார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு நிலவரத்தைப் பார்த்தால் அந்தப் பேச்சு ஏன் எழுந்தது என்று விளங்கும். மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.1 சதவீதம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-ல் நாடு முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு, பலரை வற்புறுத்தி, இதைச் செய்தார்கள். அந்தப் பயம் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்துவிட்டது. பாரம் முழுக்கப் பெண்கள் தலையில் ஏறியது.

2019-ல் முதல் மனைவி மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். 2021-ல் இரண்டாம் கல்யாணம். பெண் பார்க்கப் போன அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். “பையன் இருக்கான்ல” என்றாள், அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்து, பக்கத்து வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டு வந்த இரவு, பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: “ஏங்க, அதைத் திரும்பச் சேர்க்க முடியுமாமே?”

முடியும். வெட்டிய விந்துக்குழாயின் இரண்டு முனைகளையும் தேடி எடுத்து, தழும்பை நறுக்கி, நுண்ணோக்கியில் பார்த்தபடி தைக்கிறார்கள். உள்துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. டாக்டர் ஒரு பழைய அமெரிக்க ஆய்வைச் சொன்னார். 1991-ல் வெளிவந்தது, 1,469 ஆண்களை வைத்துச் செய்தது. மூன்று வருஷத்துக்குள் வந்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு விந்தில் உயிரணு திரும்பியது, 76 சதவீதம் பேருக்குக் கரு நின்றது. ஒன்பது முதல் பதினான்கு வருஷம் ஆனவர்களுக்கு 79, 44. நான் பத்து வருஷம் ஆனவன். “அணு வர்றது வேற, கரு நிக்கிறது வேற” என்று அவர் நிதானமாகச் சொன்னதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். இத்தனை வருஷத்தில் உடம்பே தன் அணுக்களைப் பகையென்று எண்ணித் தாக்கப் பழகியிருக்கலாம். பெண்ணின் வயதும் கணக்கில் உண்டு. எல்லாம் தெரிந்தேதான் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டேன். ஆறாம் மாதம் பரிசோதனையில் அணு இருந்தது.

கேட்டவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: “அப்பவே யோசிச்சிருக்கலாமே?” அந்தக் கேள்விதான் என்னை அரித்தது. ஆபரேஷன் மேசையில் படுத்தபோது, முதல் மனைவிக்காகச் செய்ததை ஆள் வைத்து அழிக்கிறேனோ என்று நெஞ்சு அடைத்தது. அப்போது நாகப்பட்டினம் நினைவுக்கு வந்தது. 2004 டிசம்பர் 26-ல் கடல் வாரிக்கொண்டு போன பிள்ளைகளின் தாய்மாரில் பலர் ஏற்கெனவே கருத்தடை செய்துகொண்டவர்கள். அவர்களுக்குக் குழாயைத் திரும்ப இணைக்கும் செலவை அரசாங்கமே ஏற்றது. அந்தத் தாய்மாரிடம் போய், ‘அப்பவே யோசிச்சிருக்கலாமே’ என்று கேட்க யாருக்கு மனசு வரும்? இரண்டு பிள்ளைகள் மடியில் இருந்த நாளில் அவர்கள் எடுத்த முடிவு சரியான முடிவு. கடல் வந்தபிறகு அது வேறொரு வாழ்க்கை. எனக்கும் 2013 அப்படித்தான். அன்றைக்குத் திரும்பிப் போனாலும் அதே இடத்தில் கையெழுத்துப் போடுவேன்.

இது புரட்டாசி. எங்கள் மானாவாரிக் கரிசலில் மழைக்கு முன்னே காய்ந்த மண்ணில் உளுந்தும் பாசியும் விதைக்கிறோம். புழுதி விதைப்பு என்போம். மழை பிந்தினால் விதை எறும்புக்குப் போகும். கடன் வாங்கி மறுபடி விதைப்போம். அப்போதும் நிலத்தை மலடு என்று ஒருவரும் சொன்னதில்லை, மழை இல்லை என்றுதான் சொல்வார்கள். பெண்ணுக்கு மட்டும் அந்த நியாயம் கிடைப்பதில்லை. ஆபரேஷன் என்னுடையது, கேள்வி அவளுக்கு. போன சித்திரையில் கோயில் கொடையில் ஒரு உறவுக்காரப் பெண், “விசேஷம் எதுவும் உண்டா மதினி?” என்றபோது நான் குறுக்கே போய், “வைத்தியம் எனக்குத்தாம்மா நடக்குது” என்றேன். பந்தியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வீடு வரும்வரை அவள் பேசவில்லை. ராத்திரி கொண்டுவந்து வைத்த காப்பியில் சீனி ஒரு கரண்டி கூடுதலாக இருந்தது.

ஊசியால் அணுவை எடுத்து வெளியே கருவாக்கும் வழியும் இருக்கிறது, லட்சக்கணக்கில் ஆகும். தை வரை பார்ப்போம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

போன வாரம் மறுபடி மகன்தான் விளக்கேற்றினான். நாலாம் நாள் அவள் தலைக்குக் குளித்து, ஈரத்துண்டு சுற்றியபடி வந்து, பழைய திரியை எடுத்துவிட்டுப் புதுத் திரி போட்டாள். பிறகு பிச்சிப்பூச் சரத்தில் ஒரு கண்ணி கிள்ளி, சுவரில் இருக்கும் முதல் மனைவியின் படத்துக்கு வைத்தாள். வந்த நாள் முதல் அந்தப் படத்துக்குப் பூ வைப்பது அவள்தான்.